பேழைக்குள் பேழை

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள ஓர்ஸ் ஹில்லைத் தமிழர் உவர்மலை என வழங்குவர். அங்கு வாழும் ஒருவருக்கு அயலூரிலிருந்து எழுதப்பெறும் கடிதம் தவறாது வந்து சேர்வது எங்ஙனம்? ஊரும் தெருவும் வீட்டிலக்கமும் உறையின்மீது எழுதப்பட்டிருப்பதாலன்றோ! பெயர் மட்டுமே தெரிந்து இருப்பிடம் தெரியாதாயின், தபாற்காரர் ஒவ்வொரு கதவையும் தட்ட நேரும்.

கணினியில் விவரங்களைத் தேடுவதும் இத்தகையதே. இலங்கையில் 9 மாகாணங்கள்; அவற்றுள் 25 மாவட்டங்கள்; திருகோணமலை மாவட்டத்துள் 11 பிரதேச செயலகப் பிரிவுகள்; அவற்றுள் கிராமங்கள், குடும்பங்கள், ஆட்கள். இது பேழைக்குள் பேழையாகும். பேழையின் மேலுள்ள பெயர் திறவுச்சொல், உள்ளிருப்பது மதிப்பு. அம்மதிப்பே மற்றொரு பேழையாகவும் அமையலாம்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கியபோது, உறவினரைப் பிரிந்தோர் முகாம் முகாமாக அலைந்தனர். அவர்களிடம் இருந்தது பெயர் ஒன்றே. அந்நாளில் இலங்கைக் கணினி வல்லுநர்கள் தன்னார்வமாகக் கூடி, 'சஹானா' என்னும் மென்பொருளை உருவாக்கினர். காணாமற்போனோர் பதிவேடும் முகாம்களின் பதிவேடும் அதில் இடம்பெற்றன.

பேழைகளுள் பெயரைத் தேடும் விதி எளியது. ஒரு பேழையைத் திற. உள்ளிருப்பது பெயராயின் ஒப்பிட்டுப் பார். மற்றொரு பேழையாயின், அதனுள்ளும் இதே விதியைப் பின்பற்று. தன்னையே மீண்டும் அழைக்கும் இம்முறையை மீள்சுழற்சி என்பர்.

எனினும் மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, கடந்துவந்த வழியைக் குறித்துக்கொள்ளல். 'இருக்கிறான்' என்ற விடை தாய்க்குப் போதாது, எந்த முகாமில் என்பதும் தெரிய வேண்டும். இரண்டாவது, முதற் பெயருடன் நின்றுவிடாமை. ஒரே பெயருடையோர் பலர் உளர். மூன்றாவது, திறவுச்சொல்லையும் சேர்த்து நோக்கல். 'செல்வராசா' என்பது தேடப்படுபவரின் பெயராகவும் இருக்கலாம், வேறொருவரின் தந்தை பெயராகவும் இருக்கலாம்.

ஆயிரம் பேர் தேடி வரும்போது, ஒவ்வொருவருக்காகவும் எல்லாப் பேழைகளையும் திறப்பது வீண் காலக்கழிவு. நூலின் இறுதியிலுள்ள பெயரகராதிபோல, பெயருக்கு நேரே இருப்பிடத்தைக் காட்டும் அட்டவணை ஒன்றை முன்னரே ஆக்கிக்கொள்ளலாம். ஆயினும் ஒருவர் முகாம் மாறிய அன்றே அவ்வட்டவணையும் திருத்தப்படல் வேண்டும். இல்லையேல், தேடி வந்த தாய் வெறும் பாயைக் கண்டு திரும்புவாள்.