பள்ளிக்கூடத்துக்காக மாளிகையை விற்ற ரப்பர் மன்னர்!

பழவேற்காடு ஏரிக்கரை. பொழுது விடியும் முன்பே குப்பங்களில் நடமாட்டம் தொடங்கிவிடும். 'பாடு' முறைப்படி இன்று வலை போட யாருடைய முறையோ, அவர்கள் படகைத் தள்ளுவார்கள். கரையில் இறால் வியாபாரி காத்திருப்பார்.

இந்த ஊரின் பெயர் கடல் கடந்தும் வாழ்கிறது. மலேசியாவில் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலேகாட்' என்று பெயர். பெலேகாட் என்றால் வேறு எதுவும் இல்லை, பழவேற்காடுதான்! 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி, துணி வாங்கிக் கப்பலேற்றினார்கள். அந்த வியாபாரத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

இந்தத் துணி போய் இறங்கிய சீமைக்கு, சீனாவிலிருந்து ஒரு குப்பத்துப் பையன் வந்தான். அவன் பெயர் டான் கா கீ.

அப்பாவின் கடன்

தென்சீனக் கடற்கரையில் ஜிமெய் என்ற மீனவர் கிராமம். 1874-ல் அங்கே பிறந்தார் டான் கா கீ. 1890-ல் சிங்கப்பூரில் இருந்த தந்தையின் அரிசிக் கடைக்கு வேலைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 16.

சில ஆண்டுகளில் தந்தையின் வியாபாரம் நொடித்தது. கடன் 2 லட்சம் வெள்ளிக்கு மேல்! அப்பா பட்ட கடனை மகன் கட்ட வேண்டும் என்று அங்கே சட்டம் இல்லை. ஆனாலும் "நான் அடைக்கிறேன்" என்று பொறுப்பேற்றார் மகன். கடன் கொடுத்தவர்களிடம் பேசி, ஒப்புக்கொண்ட தொகையை 1907-க்குள் கட்டித் தீர்த்தார்.

எப்படி முடிந்தது? 1904-ல் 7 ஆயிரம் வெள்ளி முதல் போட்டு, அன்னாசிப் பழத்தைத் தகரடப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை தொடங்கியிருந்தார். 1906-ல் 1 லட்சத்து 80 ஆயிரம் ரப்பர் விதைகளை வாங்கி அன்னாசிச் செடிகளுக்கு நடுவே ஊன்றினார். அந்த விதைகள்தான் அவர் தலையெழுத்தை மாற்றின.

பால் கட்டியானது

மலேயாத் தோட்டங்களில் மரம் சீவிப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். அந்தப் பாலில் அமிலம் சேர்த்தால் தயிர்போல் உறையும். அதைத் தகடாக உருட்டிப் புகையில் உலர்த்திக் கப்பலேற்றுவார்கள். தகடாக விற்றால் ஒரு விலை. கந்தகம் கலந்து சூடாக்கிச் செருப்பாகவும் டயராகவும் செய்தால் வேறு விலை. (இறாலுக்குக் கரையில் ஒரு விலை, கப்பலில் ஒரு விலை என்பதைப் பழவேற்காட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை!)

டான் கா கீ இதைப் பிடித்துக்கொண்டார். 'மணி' மார்க் போட்ட ரப்பர்ச் செருப்பும், டயரும், பொம்மையும் அவர் தொழிற்சாலையிலிருந்து பல நாடுகளுக்குப் போயின. 1925-ல் அவர் செல்வத்தின் உச்சியில் இருந்தார்.

குளத்தைத் தூர்த்துப் பள்ளி

வந்த பணம் எங்கே போயிற்று? 1913-லேயே ஜிமெய்யில் பள்ளி திறந்துவிட்டார். மீன் குளம் ஒன்றை விலைக்கு வாங்கி, மண் அடித்துத் தூர்த்து, அதன்மேல் கட்டடம் எழுப்பினார். 1920-ல் மீன்பிடித் தொழில் கற்றுத் தரவும் வகுப்பு வந்தது. வலை வீசுகிறவன் பிள்ளைக்கு அதே தொழிலில் படிப்பு! 1921-ல் சியாமென் நகரில் பல்கலைக்கழகம் திறந்தார்.

1929-ல் உலகம் முழுவதும் மந்தம். ரப்பர் விலை பாதாளத்தில் விழுந்தது. ஜப்பானிய மலிவுச் செருப்புகள் வேறு போட்டிக்கு வந்தன. வங்கிக் கடன் கழுத்தை நெரித்தது. பள்ளிச் செலவைக் குறைக்கச் சொல்லி வங்கிகள் நெருக்கின. பள்ளிகளைக் கைவிட மறுத்தார். மாளிகைகளை விற்றுப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் அனுப்பினார்.

கடன் தலைக்கு மேல் இருக்கும்போது தர்மம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அவரை நம்பி வேலை பார்த்தவர்களுக்கும் வயிறு உண்டே! 1934-ல் கம்பெனி மூடப்பட்டது. 1937-ல் பல்கலைக்கழகத்தைச் சீன அரசிடம் ஒப்படைத்தார்.

1942-ல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது ஜாவாவுக்குத் தப்பி, போர் முடியும்வரை ஒளிந்திருந்தார். 1950-ல் சீனா திரும்பினார். 1961-ல் பீகிங்கில் காலமானார். உடல் ஜிமெய்க்கே கொண்டுவந்து அடக்கம் செய்யப்பட்டது.

சிங்கப்பூரில் 1919-ல் அவர் முயற்சியால் திறந்த உயர்நிலைப் பள்ளியின் வாசலிலேயே 2015-ல் ஒரு ரயில் நிலையம் வந்தது. அதற்கு 'டான் கா கீ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புத்தகப் பையோடு பிள்ளைகள் அங்கே இறங்கிப் பள்ளிக்குப் போகிறார்கள்.