பொம்மை போல ஒரு நாய்

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் சில வீடுகளில் சிறிய சுருட்டைமுடி நாய் வளர்க்கிறார்கள். அது பூடில் கலப்பு நாய்.

பூடில் ஐரோப்பாவின் வேட்டை நாய். சுட்ட வாத்தை நீந்திப்போய்க் கவ்வி வரும். மிகுந்த அறிவுள்ளது. குட்டையான பூடிலையும் வேறு சிறிய நாயையும் சேர்த்து இந்தக் கலப்பு நாயை உண்டாக்கினார்கள்.

இதன் முடி அதிகம் உதிராது. வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் சீவ வேண்டும். இல்லாவிட்டால் சிக்கு விழும். மழைக்காலத்தில் ஈரம் தங்கிப் புண் வரும். தனியே விட்டால் ஏங்கும்.

செல்லமாக வளர்த்தாலும் நாய் நாய்தான். எந்த நாய்க்கும் வெறிநோய் வரலாம். ஆகவே தவறாமல் தடுப்பூசி போட வேண்டும்.

நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய் தடவாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாராவிக்கு அருகில் சயான் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது.