சி.டி.யில் இல்லாத பெயர்கள்

மார்கழி சீசனில் சபா வாசலில் கேன்டீனுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேர்ந்த இடம் சி.டி. கடை. மியூசிக் அகாடமியிலும் தி.நகர் வாணி மகாலிலும் கச்சேரி கேட்டவர்கள் ஆசையாக வாங்கிப் போனவை மயிலாப்பூர், அடையாறு வீட்டு அலமாரிகளில் இன்னும் அடுக்கியபடி இருக்கின்றன. போட்டுக் கேட்கத்தான் வழியில்லை. புது லேப்டாப்களில் பெரும்பாலும் சி.டி. டிரைவே கிடையாது.

ரிச்சி தெருவில் யு.எஸ்.பி.யில் செருகும் டி.வி.டி. டிரைவ் ஒன்று வாங்கினால் பாதி வேலை முடிந்தது. 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' போன்ற இலவச மென்பொருள், கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டே பாட்டைக் கணினியில் இறக்கும். சி.டி.யில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளந்து பதிவாகியிருக்கிறது. ஒரு மணி நேர இசைக்குச் சுமார் 600 எம்.பி. ஆகும். ஃப்ளாக் வடிவம் துளியும் இழக்காமல் அதை ஏறக்குறையப் பாதியாக்கும். எம்.பி.3 இன்னும் சிறியது. ஆனால் காதுக்குத் தெரியாது என்று கருதும் ஒலிகளை நீக்கிவிடும். 64 ஜி.பி. பென் டிரைவில் நூறு சி.டி. அடங்கும்போது அந்தச் சிக்கனம் எதற்கு? (பாண்டி பஜாரில் வாங்கிய 'நூறு பாட்டு' எம்.பி.3 சி.டி. என்றால் அப்படியே காப்பி செய்தால் போதும். ஃப்ளாக்காக மாற்றினாலும் போனது திரும்பாது.)

தொல்லை பெயரில்தான். ஆடியோ சி.டி.களில் பெரும்பாலும் பாட்டின் பெயரே பதிவாகியிருக்காது. மென்பொருள் ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் வைத்து, மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற இணையப் பட்டியலில் தேடும். பிரபல சினிமாப் படம் என்றால் அகப்படலாம். சிறு நிறுவனம் வெளியிட்ட கர்நாடக சங்கீதத்துக்கு 'டிராக் 1, டிராக் 2' என்றே நிற்கும். அகப்பட்டாலும், ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறி எம்.எஸ். சுப்புலட்சுமி இரண்டு பாடகிகளாவார். ஒரு 'ஹெச்' கூடித் தோடி இரண்டு ராகமாகும்.

ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம் எல்லாம் உறைக்குள் செருகிய தாளில்தான் இருக்கும். 'ஆர்ட்டிஸ்ட்' என்ற ஒற்றைக் கட்டத்தில் பாடகர் பெயரை மட்டும் அடித்துவிட்டு நகர்ந்தால் பக்கவாத்தியக்காரர்கள் காணாமல் போவார்கள். நிதானமாக உட்கார்ந்து கையால் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்று: ராகம், தானம், பல்லவியைச் சில சி.டி.களில் மூன்று டிராக்காகப் பிரித்திருப்பார்கள். பிளேயரில் டிராக்குகளை இடைவெளியின்றி ஓட்டும் 'கேப்லெஸ்' வசதி இல்லையென்றால் தானத்துக்கும் பல்லவிக்கும் நடுவே ஒரு வெட்டு விழும்.

சொந்த உபயோகத்துக்கான நியாயமான நகலுக்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் தருகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவது அதில் சேராது. சி.டி. உறையைத் தூக்கிப் போடும் முன், அதற்குள் செருகிய தாளின் இரு பக்கங்களையும் செல்போனில் படம் பிடித்து, பாட்டுகள் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள்.