ஆறிய புண்ணும் ஆறாத நோயும்

மேகநோய், வெட்டை என்று ஊரில் மறைவாகப் பேசப்படும் நோய்களைப் பற்றிக் குடும்பத்தவர் எல்லோரும் வாசிக்கும் பக்கத்தில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மறைப்பதனால்தான் இவை பெருகுகின்றன. ஆகவே எழுதுகிறோம்.

இவை உடற்சூட்டினாலோ செய்வினையாலோ வருபவை அல்ல. நோயுள்ளவருடன் கொள்ளும் உடலுறவினால் கிருமி தொற்றுகிறது. முகாமில் பல குடும்பங்கள் ஒரே மலசலகூடத்தைப் பாவிக்க நேர்ந்தபோது பலர் வீணாகப் பயந்ததுண்டு. மலசலகூடத்தாலோ கிணற்றடியாலோ சிபிலிசும் கொணோறியாவும் பரவுவதில்லை.

மிகவும் ஏமாற்றுவது சிபிலிஸ். தொற்றி ஏறக்குறைய மூன்று கிழமையில் பிறப்புறுப்பில் நோவில்லாத ஒரு புண் வரும். மருந்தில்லாமலே அது ஆறிவிடும். சில கிழமைகளின் பின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடத் தடிப்புகள் தோன்றி, அவையும் மறையும். சுகம் வந்துவிட்டது என்று நினைப்போம். வயலில் கோரையை மேலால் செருக்கிவிட்டு வந்தால் கிழங்கு கீழே கிடப்பதைப் போன்றதுதான் இது. பல வருடங்களின் பின் இருதயத்தையோ மூளையையோ தாக்கலாம். கர்ப்பிணிக்கு இருந்தால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கவும் கூடும்.

கொணோறியா ஆண்களில் பெரும்பாலும் சில நாட்களிலேயே சீழும் சலஎரிவுமாக வெளிப்படும். பெண்களில் அநேகமாக ஒன்றும் தெரியாது. கிளமிடியாவும் அப்படியே. கவனியாது விட்டால் கருக்குழாய் அடைபட்டுப் பிள்ளையில்லாமற் போகலாம். நோயைக் கொண்டுவந்தவர் கணவராயிருந்தாலும் 'மலடி' என்ற பெயர் மனைவிக்குத்தான். இது பெரிய அநியாயம். வெள்ளைபடுவதெல்லாம் இந்நோய் என்றும் எண்ணவேண்டாம். சாதாரண பூஞ்சணத்தாலும் அது வரும்.

சிபிலிசை இரத்தப் பரிசோதனையாலும், மற்றவற்றைச் சலத்தையோ கசிவையோ சோதித்தும் அறிவார்கள். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் சோதிக்கிறார்கள். இவை தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் உறுதிப்படுத்தியது அதன் பலன்தான். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்நோய்களுக்கென்றே சிகிச்சை நிலையங்கள் உண்டு. பணம் இல்லை, விபரம் வெளியே போகாது. இடம் தெரியாவிட்டால் குடும்பநல மாதுவைக் கேளுங்கள்.

ஆரம்பச் சிபிலிசுக்குப் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி ஒருதடவை போதும்; நாட்பட்டதற்குக் கிழமைக்கொன்றாக மூன்று. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்னரே சொல்லவேண்டும். கொணோறியாக் கிருமியோ பழைய மருந்துகள் பலவற்றுக்கு மசிவதில்லை. அயலவர் தந்த மிச்சக் குளிசையை விழுங்குவது வீண்வேலை. எச்.ஐ.வி.க்கு நாள்தோறும் ஆயுள் முழுவதும் மருந்து எடுக்கவேண்டும். ஒழுங்காக எடுப்பவர்கள் நெடுங்காலம் வாழ்கிறார்கள்.

கணவன் மனைவி இருவரும் மருந்தெடுக்கவேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் மற்றவரிடமிருந்து நோய் திரும்பவும் தொற்றும். டொக்டர் சொல்லும்வரை உறவைத் தவிர்க்கவும். பின்னரும் சந்தேகமிருந்தால் ஆணுறை பாவிக்கவும். சிபிலிசுக்கு ஊசி போட்ட பின்னரும் சில மாத இடைவெளிகளில் இரத்தம் சோதிக்கவேண்டும். இடையில் வேறிடம் போக நேர்ந்தால் கிளினிக் துண்டைக் கையோடு கொண்டுபோய் அங்குள்ள நிலையத்தில் காட்டுங்கள்.