நாளைய வேலை – 6: சிஸ்டரின் வேலை போகவில்லை

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் மதுரைப் பக்கம் காதுகுத்து, கிடாவெட்டு, வளைகாப்பு என்று எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். முன்பெல்லாம், "தம்பி கம்ப்யூட்டர் சயின்ஸா? பொழச்சுக்கிட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இப்போது அதே மாமா, "அதான் ஏ.ஐ. வந்துருச்சே, இனிமே எதைப் படிச்சாத்தான் நிக்கும்?" என்று கேட்கிறார்.

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ இருக்கும் எல்காட் வளாகத்தில் பிள்ளைக்கு ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று நகையை அடகு வைத்து இன்ஜினீயரிங் சேர்த்துவிட்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. காரணம் ஏ.ஐ. இல்லை, திறன் பொருந்தாமைதான் என்று நிறுவனம் சொன்னது. அடுத்த மாதமே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏ.ஐ. அதிகம் நுழைந்த தொழில்களில், 2022 கடைசியிலிருந்து 22 முதல் 25 வயது வரையிலானவர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் குறைந்திருக்கிறது என்கிறது அது. அதே தொழில்களில் அனுபவசாலிகளுக்கு அந்த அடி விழவில்லை. புதிதாகச் சேர வருகிறவர்களுக்குத்தான் வாசல் குறுகுகிறது. நம் பிள்ளைகள் நிற்பது அந்த வாசலில்தான்.

ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேடி அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. ஏ.ஐ. மதுரைக்கு வந்து பல வருடமாகிறது. அண்ணா நகரில், அரவிந்த் கண் மருத்துவமனையில் அது வேலை பார்க்கிறது. அது வந்த பிறகு அங்கே யாருடைய வேலை என்ன ஆனது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த். இன்று அந்த நிறுவனத்தின் பணியாளர்களில் பெரும்பகுதி டாக்டர்கள் அல்ல. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வந்து, இரண்டு வருடம் அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். நோயாளிகள் அவர்களை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பார்வை சோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்குக் கைகொடுப்பது, வீட்டுக்குப் போகிறவருக்கு எந்தச் சொட்டு மருந்தை எத்தனை வேளை விடவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது எல்லாம் இவர்கள்தான்.

சர்க்கரை நோய் நாள்பட்டால் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் பழுதாகிக் கசியும். ஆரம்பத்தில் வலி இருக்காது, பார்வையும் மங்காது. மங்க ஆரம்பிக்கும்போது பல நேரம் காலம் கடந்திருக்கும். வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் படமெடுத்துப் பார்ப்பதுதான் வழி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்றது. அத்தனை பேரின் படத்தையும் பார்க்க டாக்டர்கள் எங்கே இருக்கிறார்கள்?

அந்த இடத்தில்தான் கூகுள் வந்தது. அமெரிக்காவிலும், இந்தியாவில் அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளிலும் எடுத்த விழித்திரைப் படங்களைக் கொண்டு ஒரு ஏ.ஐ. உருவானது. பயிற்சிக்கு 1,28,175 படங்கள் போயின. 54 கண் மருத்துவர்கள் அவற்றைப் பார்த்துத் தரம் பிரித்துக் கொடுத்தார்கள். 2016-ல் அந்த ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. பிறகு அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்தார்கள். படம் பார்த்துத் தரம் பிரிக்கும் மனிதர்களுக்கு ஈடாகவோ, அதைவிட மேலாகவோ ஏ.ஐ. செய்தது. 2019 தொடக்கத்தில் மதுரை அரவிந்தில் அது அன்றாடச் சோதனைக்கே வந்துவிட்டது. மதுரையிலுள்ள அரோலேப் நிறுவனம் உள்ளிட்ட கூட்டாளிகளோடு சேர்ந்து, இந்தியாவிலும் தாய்லாந்திலும் பத்து வருடத்தில் 60 லட்சம் சோதனைகளுக்கு இதை இலவசமாகத் தருவதாக கூகுள் 2024-ல் அறிவித்தது.

அப்படியானால் சிஸ்டருக்கு என்ன மிச்சம்? உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு மூதாட்டி கேமரா முன்னால் உட்காருகிறார் என்று வையுங்கள். முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னால் நெற்றி பின்னால் போகிறது. நெற்றியை ஒட்டச் சொன்னால் வாய் திறக்கிறது. வெளிச்சம் பட்டதும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். "பாட்டி, பயப்படாதீங்க, ஊசி எல்லாம் இல்ல. அந்தப் புள்ளியை மட்டும் பாருங்க" என்று ஒரு கையால் மேல் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கேமராவை மயிரிழை நகர்த்தி, அவர் மூச்சை விடும் நேரம் பார்த்து அமுக்க வேண்டும். படம் மங்கினால் காரணம் கண் சிமிட்டியதா, பாவை சிறுத்திருப்பதா, புரை முற்றியிருப்பதா என்று அப்போதே கணிக்க வேண்டும். தேவையென்றால் சொட்டு மருந்து விட்டு, அரைமணி நேரம் உட்காரவைத்து, மறுபடி எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து 'பாதிப்பு இருக்கிறது' என்று முடிவு வந்தால், "ஊருக்குப் போயிட்டு அடுத்த மாசம் வாரேன்" என்று கிளம்புகிறவரை நிறுத்தி அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போகவும் வேண்டும்.

இதையெல்லாம் குறைத்து எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்து சாட்சி. அங்கே 11 கிளினிக்குகளில் இதே ஏ.ஐ.யை வைத்தபோது நடந்ததை கூகுள் ஆய்வாளர்களே 2020-ல் எழுதினார்கள். போதிய இருட்டறை இல்லாத இடங்களில் எடுத்த படங்கள் தரம் போதவில்லை. செலுத்திய 1,838 படங்களில் 21 சதவீதத்தை ஏ.ஐ. ஏற்கவே இல்லை. நோயாளியை வேறு ஊர் மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டிய சங்கடம் நர்சுகள் தலையில் விழுந்தது. ஆய்வகத்தில் சிறந்து விளங்கிய ஏ.ஐ., கிளினிக்கில் நர்சின் கையை நம்பித்தான் நின்றது.

வேலை சுருங்கும் இடமும் இதே மருத்துவமனைக்குள் இருக்கிறது. அனுப்பிவைத்த படங்களை ஒரு அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, நோய் இருக்கிறதா இல்லையா, எந்த அளவு என்று குறிப்பது ஒரு தனி வேலை. அதற்கும் பயிற்சி வேண்டும், கூர்மை வேண்டும். ஏ.ஐ. நேராக வந்து உட்கார்ந்தது அந்த நாற்காலியில். வேலை முழுக்கத் திரையில் வந்து திரையிலேயே முடிந்துவிடும் என்றால், அது எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் ஆபத்தில் இருக்கிறது.

இதை ஒரேயடியாக இழுத்துவிடவும் கூடாது. ஏ.ஐ.யின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன், 2016-ல் ஒரு மேடையில், ஸ்கேன் படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் அவர்களை ஏ.ஐ. மிஞ்சிவிடும் என்றார். 2024-ல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. ரேடியாலஜிஸ்டுகளுக்கோ அமெரிக்காவிலேயே இன்னும் பற்றாக்குறைதான். படம் பார்ப்பது அவர்களின் வேலையில் ஒரு பகுதி. மற்ற டாக்டர்களோடு கலந்து முடிவெடுப்பதும், ஊசி செலுத்தித் திசு எடுப்பதும், அறிக்கையில் கையெழுத்திட்டு அதற்குப் பொறுப்பேற்பதும் மீதி.

சரி, "மெஷின் செய்ய முடியாத கை வேலையைப் படி, பொழச்சுக்குவ" என்று சொல்லிவிடலாமா? இப்போது பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பெரியாறு பாசனத்தில் மேலூர், வாடிப்பட்டி வயல்களில் கருக்கரிவாளோடு வரிசையாக இறங்கிய பெண்களின் இடத்தில் இன்று அறுப்பு மெஷின் நிற்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை அறுத்து, நெல்லைத் தனியே கொட்டிவிடுகிறது. சேறாக இருந்தால் செயின் வண்டி, காய்ந்திருந்தால் டயர் வண்டி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் ஒரு மெஷினும் இல்லை. விடிவதற்கு முன்பே பெண்கள் இறங்குகிறார்கள். அன்று சாயங்காலம் விரியப்போகும் மொட்டு எது, நாளைக்கு விட வேண்டியது எது என்று அரைவெளிச்சத்தில் கண்டு, காம்பு நசுங்காமல் கிள்ளி மடியில் போடுகிறார்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தை முகூர்த்தத்தில் மாட்டுத்தாவணிச் சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகும். ஆனால் அந்தக் கண்ணுக்கும் விரலுக்கும் கிடைக்கும் கூலி, எந்தத் தாயும் மகளை அந்த வேலைக்கு அனுப்ப விரும்பாத கூலி.

மெஷின் வராததற்கு வேலையின் நுட்பம் பாதிக் காரணம். அவ்வளவு குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்போது மெஷின் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை என்பது மீதிப் பாதி. இதையும் சேர்த்துச் சொல்லாமல் பிள்ளைகளுக்கு யோசனை சொல்வது அநியாயம். குறைந்த கூலியும் எப்போதும் காப்பாற்றாது. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தபோது, தகடு துடைக்கும் வேலையாவது உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைக்கும் என்று எவரேனும் நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள்; அதை ரோபோக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். தகடுகள் சுமார் 25 லட்சம். எண்ணிக்கை அந்த அளவுக்குப் போனால் துடைப்பதற்கும் மெஷின் கட்டுபடியாகிவிடுகிறது. ஒரே செயலை ஒரே மாதிரி லட்சம் தடவை செய்ய வேண்டுமானால், அது வெயிலில் செய்யும் வேலையாக இருந்தாலும் பாதுகாப்பு கிடையாது.

பூ எடுக்கும் பெண்ணிடமும் திறமை இருக்கிறது, சிஸ்டரிடமும் இருக்கிறது. சிஸ்டரின் பின்னால் கூடுதலாக இரண்டு வருடப் பயிற்சி இருக்கிறது. அவர் செய்வது தவறினால் ஒருவரின் பார்வை போகும் என்ற பொறுப்பு இருக்கிறது. வருகிற ஒவ்வொரு கண்ணும் வேறு மாதிரி இருக்கிறது. மேலே போக வழியும் இருக்கிறது. இன்று அரவிந்தின் கிராமத்துப் பார்வை மையங்களில் நோயாளியை முதலில் சோதித்து, வீடியோவில் டாக்டரோடு பேசவைப்பவர்களும் இப்படிப் பயிற்சி பெற்றவர்கள்தான்.

இந்தக் கண்ணோடு மற்றப் படிப்புகளையும் பாருங்கள். பி.காம். முடித்து டேலி கற்றுக்கொண்டு பில்லைப் பதிவதோடு நின்றால் அந்த வேலை கரையும். அதே பி.காம். மாணவி, இந்தக் கணக்கு ஏன் இடிக்கிறது என்று கடைக்காரரிடம் போய்க் கேட்டு, வரி நோட்டீஸுக்குப் பதில் எழுதிப் பொறுப்பேற்கும் இடத்துக்குப் போனால் நிற்பார். சட்டத்திலும் இதுதான். 2004-லிருந்து உயர் நீதிமன்றக் கிளை மதுரையில் இருக்கிறது, இளம் வக்கீல்களும் ஏராளம். மனு டிராஃப்ட் செய்வதை ஏ.ஐ. நொடியில் செய்யும். 2023-ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிக் கொடுத்த தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் கொடுத்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அபராதம் கட்டியது வக்கீல்கள்தான், சாட்ஜிபிடி அல்ல. சரிபார்த்துக் கையெழுத்திடத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடத்தான் போகிறது.

இன்ஜினீயரிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடு எழுத மட்டும் தெரிந்து வெளியே வராதீர்கள் என்கிறேன். ஒரு ஆஸ்பத்திரியோ, ஒரு அரிசி ஆலையோ, ஒரு பஸ் கம்பெனியோ எப்படி ஓடுகிறது என்பதைச் சேர்த்துக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

புதூர் அரசு ஐ.டி.ஐ.யைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். "மார்க் கம்மியா, ஐ.டி.ஐ. போ" என்று தண்டனை மாதிரி சொல்லும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் படிப்பு இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து அரசு புதுப்பித்திருக்கிறது. ரோபோவை நிறுவவும் பழுதுபார்க்கவும் கற்றுத்தரும் பிரிவுகள் வந்திருக்கின்றன. பழைய வீட்டு வயரிங்கைப் பிரித்துப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் எலக்ட்ரீஷியன் வேலைக்கு ஏ.ஐ. இப்போதைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரு வீட்டு வயரிங் இன்னொரு வீட்டில் இருப்பதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அட்மிஷன் பணம் கட்டுவதற்கு முன்னால், அந்தப் படிப்பைப் படித்து, அந்த வேலையில் நாற்பது வயதைத் தொட்ட ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஒருநாள் முழுக்கப் பிள்ளையை அவர் கூடவே இருக்க வையுங்கள். பத்து வருடத்துக்கு முன் அவர் கையால் செய்ததில் எதையெல்லாம் இப்போது மெஷின் செய்கிறது, எதற்கு மட்டும் இன்னமும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள், அதற்கு என்ன சம்பளம் என்று பிள்ளையே கேட்கட்டும். கல்லூரி பிராஸ்பெக்டஸில் இந்தப் பதில்கள் இருக்காது.