சீசாவின் அடித்தழும்பு

1903-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் தானாகவே சீசா செய்யும் இயந்திரத்தை நிர்மாணிக்கும் வரையில், உலகத்துச் சீசாக்களில் பெரும்பாலானவை, உருகிய கண்ணாடியை இரும்புக் குழலின் நுனியில் எடுத்து மனிதர் தம் சுவாசத்தால் ஊதி உருவாக்கியவையே. ஆகையால் புராதனச் சீசாக்களைச் சேகரிக்கும் ரசிகர், ஒன்றைக் கையில் எடுத்ததும், அதன் வடிவழகில் லயிப்பதற்கு முன்னால், சற்று மரியாதைக் குறைவாகவே அதைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பரிசோதிக்கிறார். வாயைச் சீர்ப்படுத்தும் பொருட்டு அடியில் ஒட்டிப் பிடித்திருந்த இரும்புக் கோலைப் பெயர்த்தெடுத்த இடத்தில், தொப்புள் போன்ற கரடுமுரடான தழும்பு இருக்குமாயின், அமெரிக்கச் சீசாவானால் அது பெரும்பாலும் 1860-களுக்கு முற்பட்டது என்று ஊகிக்கலாம். அச்சின் இணைப்புக் கோடு வாயின் விளிம்பு வரை ஏறியிருந்தாலோ, அநேகமாக அது இயந்திரத்தின் வேலை.

பழஞ்சீசாக்களின் இளம்பச்சை நிறம் மணலிலிருந்த இரும்பின் விளைவு. அதனைப் போக்க மாங்கனீசு சேர்த்த சீசாக்கள் நெடுங்காலம் வெயிலில் கிடந்து ஊதா நிறம் அடைவதுண்டு. இதற்குள்ள மோகத்தைக் கண்டு சில வியாபாரிகள் செயற்கைக் கதிர்களைப் பாய்ச்சி ஊதாவாக்கி விற்கிறார்கள் என்றாலும், அந்த நிறம் இயற்கையானதைவிட மிதமிஞ்சி ஆழ்ந்திருப்பதால் பழகிய கண்களை ஏமாற்றுவது அரிது.