மல்லிகை ஊற்று, பாட்டில் கண்மாய்

கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குக் காலையில் வந்து இறங்கும் மல்லிகையில் பெரிதாக வாசம் இருக்காது. சொன்னால் பலருக்கு நம்பிக்கை வராது. விடியும் முன்பே தலையில் டார்ச் விளக்கு கட்டிக்கொண்டு பறித்த மொட்டுகள் அவை. கமிஷன் கடைத் தராசில் ஏறும்போது இறுக மூடிய வெள்ளை மணிகளாகத்தான் இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் லேசான பச்சை வாடை வரும், அவ்வளவுதான். அதே மொட்டைக் கட்டி, ஈரத்துணியில் பொதிந்து வைத்து, சாயங்காலம் ஒரு பெண் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் முன் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரைக்கும் தெரியும். நடுவில் அதில் யாரும் எதையும் தெளிக்கவில்லை. செடியை விட்டு வந்த பிறகும் மொட்டு வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதிக்குப் போனால் இந்தப் பூவைத் தவிர்க்க முடியாது. கீரமங்கலம், செரியலூர், பனங்குளம், குளமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு என்று ஊருக்கு ஊர் மல்லிகை, முல்லை, காட்டுமல்லி, கனகாம்பரம், சம்பங்கி, சென்டி. அந்த ஊர்களிலேயே இன்னொரு காட்சியும் உண்டு. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ விடுப்பில் வருகிற பிள்ளை சென்ட் பாட்டில் ஒன்று கொண்டுவந்து கொடுப்பார். அதைக் கல்யாணத்துக்கு அடித்துக்கொண்டு போனவர், தாலி கட்டி முடிவதற்குள் வாசம் போய்விட்டது என்று குறைப்படுவார். பத்து ரூபாய்ப் பூ சாயங்காலம் முழுக்க மணக்கிறது. அத்தனை விலை கொடுத்து வாங்கியது ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லையே என்பது அவருடைய நியாயமான கேள்வி.

பூ ஓர் ஊற்று. மொட்டு விரியும்போது இதழின் செல்கள் வாசனைப் பொருளைப் புதிது புதிதாகத் தயாரித்து வெளியே விடுகின்றன. காற்று கொண்டுபோகக் கொண்டுபோக உள்ளே ஊறிக்கொண்டே இருக்கிறது. பாட்டில் ஒரு கண்மாய். நிரப்பியது நிரப்பியதுதான், அதற்கு ஊற்றுக்கண் கிடையாது. கண்மாய்களாலேயே பிழைத்த மாவட்டத்துக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. தண்ணீர் கோடை வரை நிற்பது மடையை எவ்வளவு திறந்தோம் என்பதைப் பொறுத்தது. அந்தக் காலத்தில் கண்மாய்க்குள் குமிழித்தூம்பை நட்டு, துளையைக் கல்லால் அடைத்துத் திறந்து, அளந்து தண்ணீர் விட்டார்கள். தோலில் வாசம் நிற்பதும் அதே கணக்குதான். அதிகமாக அடித்துக்கொண்டால் அதிக நேரம் நிற்கும் என்பது தவறான எண்ணம். மடை அகலமாகத் திறந்திருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் ஓடிவிடும்.

எந்த வாசனை ஓடும், எது நிற்கும் என்பதற்கும் ஊரிலேயே பாடம் இருக்கிறது. மாவட்டம் முழுக்க வனத்தோட்டக் கழகம் வளர்த்திருக்கும் தைலமரக் காடுகள் நிலத்தடி நீரைக் குடிக்கின்றன என்ற விவசாயிகளின் கோபம் தனிக்கதை. அந்த மரத்தின் இலையை ஒடித்துக் கசக்கிப் பாருங்கள். சுள்ளென்று மூக்கில் ஏறும்; கையை நாலு தடவை உதறுவதற்குள் பாதி போய்விடும். அந்த வாசத்துக்குக் காரணமான சினியோலின் மூலக்கூறு எடை 154. எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீன் அதைவிட லேசு, 136. சந்தன எண்ணெயின் உயிரான சாண்டலாலின் எடை 220. எடை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்றாலும், பொதுவாக லேசானது பறக்கும், கனமானது உட்காரும். அதனால்தான் காலையில் நெற்றியில் இட்ட சந்தனம் மதியச் சாப்பாடு வரைக்கும் மெல்ல மணக்கிறது. மல்லிகை இரண்டுக்கும் நடுவில். அதில் பறப்பதும் உண்டு, தங்குவதும் உண்டு.

நல்ல சென்ட் என்பது இந்த மூன்றும் சேர்ந்த கூட்டு. அடித்தவுடன் வருவது எலுமிச்சை, தைல வகை. கால் மணி, அரை மணி கழித்துப் பூ வாசம் தலைகாட்டும். கடைசியில் தோலோடு தங்குவது சந்தனம், அகில், கஸ்தூரி வகை, பிசின் வகை. கடைக்காரர் மூக்கருகே நீட்டும்போது நாம் முகர்வது முதல் ஐந்து நிமிடத்தை. பணம் கொடுப்பதோ அடுத்த ஐந்து மணி நேரத்துக்கு. பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. கடையில் முதலில் அட்டையில் அடித்து முகர்ந்து, பிடித்த ஒன்றை மட்டும் முழங்கைக்கு உள்பக்கம் தடவிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். ஒரு டீ குடித்துவிட்டு, நாலு தெரு நடந்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து முகர்ந்து பார்த்து, அப்போதும் பிடித்திருந்தால் திரும்பிப் போய் வாங்கலாம். ஒரே மூச்சில் பத்துப் பாட்டிலை முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும். நடுநடுவே காப்பிக்கொட்டையை முகரக் கொடுக்கும் கடைகள் உண்டு. காப்பிக்கொட்டைக்கும் வெறும் காற்றுக்கும் வித்தியாசமில்லை என்று 2011-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வாசலில் நின்று நாலு மூச்சு விட்டால் போதும்.

பாட்டிலில் எழுதியிருப்பதையும் படிக்க வேண்டும். கொலோன் என்றால் வாசனை எண்ணெய் ஏறக்குறைய 2 முதல் 4 சதவீதம். ஓ டி டாய்லெட் என்றால் 5 முதல் 15. ஓ டி பர்ஃபம் என்றால் 15 முதல் 20. வெறுமனே பர்ஃபம் என்றால் அதற்கும் மேல். மிச்சம் பெரும்பாலும் ஆல்கஹால். இவை தோராயக் கணக்குகள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரிய டப்பாவில் மலிவாகக் கிடைக்கும் பாடி ஸ்ப்ரேயில் வாசனை எண்ணெய் குறைவு, அதனால் சீக்கிரம் போய்விடும். அது ஏமாற்று வேலை இல்லை. குளித்த உடம்புக்குச் சிறிது புத்துணர்ச்சி தர மட்டுமே அது செய்யப்பட்டது.

அத்தர் வேறு சாதி. சந்தனக்கூடு நாட்களில் தர்கா ஓரத்துக் கடைகளில் சுண்டுவிரல் அளவுச் சீசாக்களில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதுதான். இதில் ஆல்கஹால் இல்லை, எண்ணெய்தான் தாய். உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜ் நகரத்து அத்தருக்கு 2014-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே செப்புப் பானையில் பூவையும் தண்ணீரையும் போட்டுக் காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவது மரபு. பறக்கும் பூவைக் கனமான சந்தனத்தில் கட்டிப்போடும் வித்தை அது. சந்தனம் விலை ஏறியபிறகு பாரஃபின் எண்ணெயில் இறக்குவதும் பரவிவிட்டது. இரண்டுக்கும் அத்தர் என்றே பெயர், விலை மட்டும் வேறு. நல்ல அத்தர் என்றால் ஒரு சொட்டு போதும். அதைச் சட்டையில் கொட்டிக்கொள்கிறவர்கள் வெள்ளை வேட்டியையும் கறையாக்கிக்கொள்கிறார்கள்.

வாசனை நிற்க வேண்டும் என்றால் முதலில் தோலைப் பக்குவப்படுத்த வேண்டும் என்பதைத் தமிழ்நாடு என்றோ கண்டுபிடித்துவிட்டது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி குளிக்கும் நீரில் ஊறியவை 10 வகைத் துவர், 5 வகை விரை, 32 வகை ஓமாலிகை என்னும் நறுமணப் பொருள்கள். இதில் துவர் முதலில் வருவதைக் கவனிக்க வேண்டும். நாவல், கருங்காலி, கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருள்கள் அழுக்கையும் பிசுக்கையும் எடுப்பவை. அகிலும் சந்தனமும் அடங்கிய விரை அடுத்து வருகிறது. குளித்தபின் கூந்தலை வாசனைப் புகையில் உலர்த்தி, கடைசியில் வகிர்தோறும் கஸ்தூரிக் குழம்பு ஊட்டுகிறார்கள். சுத்தம், அடித்தளம், நிலைநிறுத்தும் பொருள் என்ற வரிசை இன்றைக்குப் பாரிஸில் வாசனை வடிப்பவர் சொல்லும் வரிசைக்கு மிக அருகில் இருக்கிறது.

அந்தப் புகை இன்னும் வீடுகளில் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டி உலர்த்துவதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்கிவிடுகிறோம். சுமத்திரா பக்கத்து மரத்தின் பிசினான சாம்பிராணியை உலகத்து வாசனைத் தொழில், மற்ற வாசனைகளைப் பிடித்து நிறுத்தும் பொருளாகவே பயன்படுத்துகிறது. புகை காட்டிய கூந்தலில் பூ வைத்தால் வாசம் கூடி நிற்பதாகப் பாட்டிகள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் கரித்தூளை அச்சில் அழுத்தி விற்கும் கம்ப்யூட்டர் சாம்பிராணியில் அந்தப் பிசினை அதிகம் எதிர்பார்க்க முடியாது. பிறந்த குழந்தையையும் இழுப்பு நோய் உள்ளவரையும் எந்தப் புகையிலும் காட்டக்கூடாது.

புனுகும் கஸ்தூரியும் அதே வேலையைச் செய்தவைதான். புனுகுப் பூனையும் கஸ்தூரி மானும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. இயற்கைப் புனுகு என்று யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காமல் வருவதே சரி. உலகத்தின் பெரிய நிறுவனங்களே செயற்கை மாற்றுக்குப் போய்விட்டன. செயற்கை என்றதும் முகம் சுளிக்கவும் வேண்டாம். மல்லிகையில் இருக்கும் லினலூலும் ஆலையில் செய்த லினலூலும் ஒரே பொருள்தான்.

இனி, பூசும் முறை. வறண்ட தோல் மணல் மாதிரி, வாசனையை நிறுத்தாது. எண்ணெய்ப் பசை உள்ள தோலில் அதுவே கூடுதல் நேரம் நிற்கும். குளித்துத் துவட்டியவுடன், ஈரம் முழுதாகக் காயும் முன், வாசனையில்லாத கிரீமோ வாசலினோ மெல்லிசாகத் தடவி, அதன்மேல் சென்ட் அடிப்பதுதான் மடையைச் சுருக்குகிற வழி. தேங்காய் எண்ணெயும் உதவும். ஆனால் செக்கு எண்ணெய்க்கென்று தனி வாசம் உண்டு, அது சென்ட்டோடு மல்லுக்கு நிற்கும்.

எங்கே பூசுவது? நாடி துடிக்கும் இடங்களான மணிக்கட்டிலும் கழுத்திலும் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதும். அது குளிர் தேசத்துக்குச் சொன்ன யோசனை. அங்கே உடம்புச் சூடு வாசனையைத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவருக்குச் சூட்டுக்குப் பஞ்சமில்லை. கழுத்தில் பூசியதை அரை மணியில் வியர்வை கழுவிவிடும். இந்த ஊருக்கு முழங்கை மடிப்பும், சட்டைக்குள் நெஞ்சும், துணியும்தான் பொருத்தம். பருத்தித் துணியில் வாசனை தோலைவிட நெடுநேரம் தங்கும். காலருக்கு உட்பக்கமோ முந்தானையின் மறுபக்கமோ ஒரு தடவை போதும். பட்டில் வேண்டாம், கறை போகாது. மணிக்கட்டோடு மணிக்கட்டைத் தேய்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். தேய்த்தால் சூடேறி, பறக்க வேண்டியது இன்னும் வேகமாகப் பறக்கும்.

அக்குளில் வியர்வை நாற்றம் இருக்கும்போது அதன்மேல் சென்ட் அடிப்பது இரண்டையும் கெடுக்கும். அந்த நாற்றத்தை உண்டாக்குபவை வியர்வையைத் தின்னும் பாக்டீரியாக்கள். அவற்றுக்குச் சோப்பும் தண்ணீரும் துவைத்த பனியனும்தான் மருந்து.

வாசம் போய்விட்டது என்று நாம் நினைப்பதே பல நேரம் பொய். தொடர்ந்து வரும் வாசனையை மூக்கு சிறிது நேரத்தில் கணக்கிலிருந்து எடுத்துவிடும். பூ மார்க்கெட்டில் நாளெல்லாம் இருக்கிறவருக்குப் பூ வாசம் தெரியாமல் போவது இப்படித்தான். போய்விட்டதென்று மறுபடி மறுபடி அடித்துக்கொள்கிறவர் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தலைவலியை வாங்கிக் கொடுக்கிறார். சந்தேகம் வந்தால் வீட்டில் ஒருவரைக் கேட்பதே நல்லது.

வெயிலூர்க்காரர்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. பெர்கமாட் போன்ற எலுமிச்சைக் குடும்பத்து எண்ணெய்கள் சிலவற்றைத் தோலில் பூசி வெயிலில் போனால் பூசிய இடம் கருத்துத் திட்டாகிவிடும், மாதக்கணக்கில் மறையாது. அதிலுள்ள பெர்கப்டென் என்ற பொருள் சூரிய ஒளியோடு சேர்ந்து செய்யும் வேலை இது. பெரிய நிறுவனங்கள் அதை நீக்கிய எண்ணெயையே சேர்க்கின்றன. பெயர் தெரியாத பாட்டிலுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. வயலுக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிற நாளில் துணியில் மட்டும் அடிப்பது பத்திரம். அடித்தவுடன் அடுப்படிக்கும் போகக்கூடாது, ஆல்கஹால் நெருப்பைப் பிடிக்கும்.

இத்தனை பூ விளையும் மாவட்டத்தில் வாசனை எடுக்கும் ஆலை வேண்டும் என்று கீரமங்கலம் வட்டார விவசாயிகள் கேட்டுக்கொண்டிருப்பது இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் போகாது. மல்லிகையைக் கொதிக்கவைத்தால் வாசம் கெடும். அதனால் ஹெக்சேன் என்ற கரைப்பானில் அலசி, மெழுகுபோன்ற காங்கிரீட் எடுக்கிறார்கள். 100 கிலோ பூவுக்குச் சில நூறு கிராம்தான் தேறும். சத்தியமங்கலம், நிலக்கோட்டைப் பக்கம் அந்த வேலை நடக்கிறது. முகூர்த்தம் இல்லாத நாளில் விலை சரிந்து, பறித்த கூலிகூடக் கட்டாமல் பூவைக் குப்பையில் கொட்டும் விவசாயிக்கு அப்படி ஓர் ஆலை பக்கத்தில் இருந்தால் அந்தப் பூவும் காசாகும். 2018 நவம்பரில் கஜா புயல் புரட்டிப்போட்ட இந்தக் கிராமங்கள் மறுபடி செடி வைத்து எழுந்து நிற்பவை. அவர்கள் கேட்பது பெரிதில்லை, அரசு செய்து தர வேண்டும்.

கடைசியாக, பிள்ளை கொண்டுவந்து கொடுத்ததை நல்ல நாளுக்கென்று பிரிக்காமலே பீரோவில் வைத்திருப்பவர்களுக்கு. சூடும் வெளிச்சமும் காற்றும் சென்ட்டைக் கெடுக்கும். ஓட்டு வீட்டுக் கோடையில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அட்டைப்பெட்டியோடு, வெயில் படாத அடித்தட்டில் வைப்பது நல்லது. குளியலறை அலமாரி ஆகாது. இன்றைக்கே எடுத்துத் துணி ஓரத்தில் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். நிறம் கறுத்து, புளித்த வாடையோ வார்னிஷ் வாடையோ வந்தால் தோலில் பூச வேண்டாம். நன்றாக இருந்தால் முழங்கை மடிப்பில் ஒரு துளி வைத்து ஒரு நாள் பொறுங்கள். தடிப்போ அரிப்போ இல்லையென்றால், அடுத்த முகூர்த்தத்துக்குக் காத்திருக்காமல் பூசிக்கொள்ளுங்கள்.